நடைபாதை போட்டீர்கள், இனி நான்கு கம்பிகளும் நடுங்கள்

தமிழ்நாட்டின் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி மன்றங்களின் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும், பூங்காப் பணிகளைக் கவனிக்கும் பொறியாளர்களுக்கும்

வணக்கம்.

காலை ஐந்தரை மணிக்குப் பூங்காவுக்குப் போனால் நடைபாதையில் ஒதுங்கி ஒதுங்கித்தான் நடக்க வேண்டியிருக்கிறது. அத்தனை கூட்டம். 2023 நவம்பரில் அரசு தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டமும் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை என்று அந்தப் பழக்கத்துக்குப் பக்கபலமாக வந்தது. ஜனங்களை வீட்டைவிட்டு வெளியே வரவைத்து நடக்கவைப்பது லேசான காரியம் இல்லை. அதைச் சாதித்ததற்கு முதலில் எங்கள் நன்றி. உடற்பயிற்சிப் பயிற்றுநர்களும் உணவியலாளர்களுமான நாங்கள் இப்போது கேட்பது, அதே பூங்காக்களில் தசைக்குப் பலம் தரும் பயிற்சிக்குச் சில கம்பிகள்.

நடை முடிந்து எல்லோரும் பெஞ்சில் உட்காருகிற நேரத்தில் ஒரு பத்து நிமிடம் நின்று பாருங்கள். ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் எழுந்திருப்பதைக் கவனியுங்கள். உடம்பை ஒருமுறை பின்னால் சாய்த்து முன்னால் தள்ளி, இரண்டு உள்ளங்கைகளையும் முட்டியில் ஊன்றி, மூச்சை இழுத்துப் பிடித்து எழுகிறார்கள். முதல் முயற்சியில் எழ முடியாமல் திரும்ப உட்கார்ந்துவிடுபவர்களும் உண்டு. அவர்களே சற்றுமுன் மூன்று கிலோமீட்டர் நடந்து முடித்தவர்கள். நடை அவர்கள் இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மனசுக்கும் நல்லது செய்திருக்கிறது. தொடைக்கு அது போதவில்லை. சமதரையில் நடக்கும்போது தொடைத் தசை தன் பலத்தில் சிறு பங்கைத்தான் செலவழிக்கிறது. தன்னால் முடிந்த எல்லைக்குப் பக்கத்தில் சுமை ஏறினால்தான் தசை வளரும். இல்லையென்றால் வயதோடு கரையும்.

இது எங்கள் சொந்தக் கருத்து இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு என்பது பாதிதான். வாரத்தில் இரண்டு நாளாவது பெரிய தசைகள் எல்லாவற்றுக்கும் பலப் பயிற்சி வேண்டும் என்பது மறுபாதி. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு நிலை தடுமாறாமல் இருக்கும் பயிற்சி வாரம் மூன்று நாள் சேர்கிறது. நம் பூங்காக்கள் முதல் பாதிக்கு மட்டும் கட்டப்பட்டவை.

மறுபாதி நமக்கு மற்றவர்களைவிட அதிகம் தேவை. சாப்பாட்டிலிருந்து ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசை. அது மெலிந்தால் சர்க்கரைக்குப் போக்கிடம் குறைகிறது. சென்னையிலிருந்து வழிநடத்தப்பட்டு 2023-இல் வெளியான தேசிய ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று கணக்குச் சொன்னது. அதில் ஒல்லியானவர்கள் நிறையப் பேர். ஏன் என்பதைப் புனேயின் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனின் ஜான் யுட்கினும் 2004-இல் ‘லான்செட்’ இதழில் தங்கள் இருவர் உடம்பையே வைத்துக் காட்டினார்கள். உயரத்துக்கு எடை என்ற கணக்கில் இருவருக்கும் ஒரே எண், 22.3. உடம்பில் கொழுப்பின் அளவோ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். வெளியே ஒல்லி, உள்ளே கொழுப்பு, தசை குறைவு: நம்மில் பலருடைய உடம்பு வாகு இதுதான். இப்படிப்பட்டவரை எடை மெஷினில் நிறுத்தி ‘நீங்கள் சரியாக இருக்கிறீர்கள்’ என்று அனுப்பிவிடுகிறோம்.

‘உபகரணங்கள்தான் வாங்கிப் போட்டிருக்கிறோமே’ என்பீர்கள். அதைப் பற்றித்தான் வெளிப்படையாகப் பேச விரும்புகிறோம். இரண்டு பெடலில் நின்று கால்களை முன்னும் பின்னும் ஆட்டும் ஏர் வாக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். கால் ஊஞ்சல் மாதிரி தன் எடையிலேயே ஆடுகிறது. எடையைத் தாங்குவது பேரிங். மூட்டை லேசாக அசைத்துக்கொள்ள உதவும், பலம் தராது. வட்டத் தட்டில் நின்று இடுப்பைத் திருகும் ட்விஸ்டரில் தொப்பை கரையும் என்று நம்பிக் கூட்டம் நிற்கிறது. ஓர் இடத்தை அசைத்து அந்த இடத்துக் கொழுப்பை மட்டும் கரைக்க உடம்பில் வழியே இல்லை. போதாததற்கு, கீழ் முதுகின் எலும்புகள் திருகுவதற்கென்று அமைந்தவை அல்ல, அவை மிகக் கொஞ்சமே திரும்பும். முதுகுவலிக்காரர் வேகமாகத் திருகினால் வலியோடு வீட்டுக்குப் போகிறார். உட்கார்ந்து தள்ளும் செஸ்ட் பிரஸ் பரவாயில்லை. ஆனால் அதில் சுமையைக் கூட்டவோ குறைக்கவோ வழி இல்லை. இன்றைக்குக் கஷ்டமாக இருந்தது மூன்று மாதத்தில் சுலபமாகிவிடும், அதோடு முன்னேற்றமும் நின்றுவிடும்.

இன்னொரு சங்கடம், இவை எல்லாமே அசையும் பொருட்கள். பேரிங்கில் மழைத்தண்ணீர் இறங்கும், கிரீஸ் வைக்க ஆள் இருக்காது, கடலோர ஊர்களில் உப்புக்காற்று வேறு. போல்ட் தளர்ந்து பெடல் ஒரு பக்கம் சாய்ந்ததும் கயிறு கட்டி வைத்துவிடுவார்கள். அசையாத கம்பிக்கு இந்த வியாதி எதுவும் வராது.

உபகரணங்களைவிட எங்களை அதிகம் கவலைப்படுத்துவது கூழாங்கல் பாதை. எட்டு வடிவத்தில் கூரான கற்களைப் பதித்து, ‘வெறுங்காலில் நடக்கவும்’ என்று பலகையும் வைக்கிறோம். நீண்ட நாள் சர்க்கரை உள்ள பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கும். அது அவர்களுக்கே தெரியாது, ஏனென்றால் மங்கிய உணர்ச்சி வலிக்காது. கல் குத்திய இடம் கன்றிப்போய், கொப்புளமாகி, புண்ணாகி, சாக்ஸில் ஈரம் பட்ட பிறகுதான் பார்ப்பார்கள். கால் விரலை எடுக்கும் நிலைக்குப் போகும் புண்கள் பல இப்படிச் சின்னதாகத்தான் தொடங்குகின்றன. எட்டு போட்டு நடப்பதில் தவறே இல்லை. திரும்பித் திரும்பி நடப்பது நிலை தடுமாறாமல் இருக்க நல்ல பயிற்சிதான். கல்தான் வேண்டாம். எட்டைச் சமதளத்தில் கோடாக வரையுங்கள், செருப்போடும் ஷூவோடும் நடக்கட்டும். ஏற்கெனவே இருக்கும் கல் பாதையை உடனே பெயர்க்க முடியாவிட்டால் பலகையையாவது இன்றே மாற்றுங்கள்: ‘சர்க்கரை உள்ளவர்கள் இதில் வெறுங்காலில் நடக்கக் கூடாது.’

இனி என்ன வேண்டும் என்பதை அளவோடு சொல்கிறோம். ஒப்பந்தப்புள்ளியில் அப்படியே எழுதலாம்.

தரையிலிருந்து 110, 80, 50 சென்டிமீட்டர் உயரங்களில் மூன்று கிடைக் கம்பிகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மீட்டர் நீளம். தொங்குவதற்கு 210 சென்டிமீட்டரில் ஒன்று, அதன் கீழே சிமென்ட் தளம் இல்லாமல் மணல். கம்பிக்கு ஒரு அங்குல ஜி.ஐ. குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) போதும், அதன் வெளி விட்டம் ஏறக்குறைய 33 மில்லிமீட்டர், கைக்குள் அடங்கும். இரண்டு அங்குலக் குழாய் போட்டால் வெளி விட்டம் 60 மில்லிமீட்டருக்கு வந்துவிடும், பெண்களின் கட்டைவிரல் மறுபக்கம் வந்து சேராது, பிடி வழுக்கும். பல இடங்களில் ‘உறுதியாக இருக்கட்டும்’ என்று இந்தத் தப்பைத்தான் செய்கிறார்கள். உறுதி வேண்டியது நிற்கும் தூணில். தூணுக்கு இரண்டு அங்குலம், மேலே பிடிக்கும் குழாய்க்கு ஒன்று. பெயின்ட் வேண்டாம். கால்வனைஸ் செய்தபடியே விடுங்கள், வியர்வைக் கையில் பெயின்ட் வழுக்கும், பிறகு உரிந்து கையைக் கிழிக்கும்.

பெஞ்சுகளை இரண்டு உயரத்தில் போடுங்கள்: 43 சென்டிமீட்டரில் ஒன்று, முட்டிவலி உள்ளவர்களுக்காக 52-இல் ஒன்று. பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பியோடு 15 சென்டிமீட்டர் உயரத்தில் ஒற்றைப் படி. ஐந்து லிட்டர் தண்ணீர் கேன்கள் அரை டஜன், காவலாளி அறையில். நிரப்பினால் ஒவ்வொன்றும் ஐந்து கிலோ. பாதி நிரப்பினால் இரண்டரை. டம்பெல் திருடுபோகும் என்று பயப்படுகிறீர்கள், கேனை யாரும் எடுத்துப்போக மாட்டார்கள்.

இதை வைத்துச் செய்ய வேண்டியவை ஆறு. ஐந்து நிமிடம் நடந்து உடம்பு சூடேறிய பிறகு தொடங்க வேண்டும். சேலை கட்டியவரும் வேட்டி கட்டியவரும் உடை மாற்றாமல் அநேகமாக எல்லாவற்றையும் செய்யலாம். இதை யோசித்துத்தான் தரையில் படுத்துச் செய்யும் எதையும் சேர்க்கவில்லை.

முதலாவது, உட்கார்ந்து எழுதல். பெஞ்சின் முன்விளிம்பில் உட்கார்ந்து, பாதங்களை முட்டிக்கு நேர் கீழே, கொஞ்சம் உள்ளேயே இழுத்து வைக்க வேண்டும். எழ முடியாமல் போவதற்குப் பாதிக் காரணம் பாதம் முன்னால் நீண்டு கிடப்பதுதான். கைகளை மார்பின் குறுக்கே கட்டி, மூக்கு கால்விரலுக்கு மேலே வரும்வரை குனிந்து, பிறகு எழ வேண்டும். உட்காரும்போது மூன்று எண்ணி மெதுவாக இறங்க வேண்டும். பொத்தென்று விழுந்தால் தசைக்குக் கிடைக்க வேண்டிய வேலையில் பாதி வீண். முட்டிகள் உள்பக்கம் சாயக் கூடாது. 8 முதல் 12 முறை ஒரு செட், இரண்டு அல்லது மூன்று செட். 15 முறை சுலபமாக வந்துவிட்டால் கேனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு செய்யலாம். இதுவே ஒரு சோதனையும்கூட: 43 சென்டிமீட்டர் இருக்கையில், கையை ஊன்றாமல், 30 விநாடியில் எத்தனை முறை எழ முடிகிறது என்று எண்ணுங்கள். அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் அட்டவணையில் 60–64 வயதில் ஆணுக்கு 14-க்கும் பெண்ணுக்கு 12-க்கும் குறைந்தால் கீழே விழும் அபாயம் உண்டு என்று எடுத்துக்கொள்கிறார்கள். நம் ஊர் மருத்துவ முகாம்களில் ரத்த அழுத்தம் பார்க்கும் மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு இதையும் எண்ணலாம்.

அடுத்து, கம்பியில் தண்டால். புதியவருக்கு 110, பழகியவருக்கு 80, பிறகு 50. உயரம் குறையக் குறையச் சுமை கூடும். தலையிலிருந்து குதிகால்வரை உடம்பு ஒரே கோடாக நிற்க வேண்டும். இடுப்பு தொய்ந்தால் கீழ் முதுகு வலிக்கும். முழங்கை விலாவை விட்டு 45 பாகை அளவுக்கு விலகினால் போதும், சிறகு போல விரிந்தால் தோள் உரசும்.

மூன்றாவது இழுத்தல். வீட்டில் சுவரைத் தள்ளிப் பயிற்சி செய்யலாம், இழுக்க எதுவும் இல்லை. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னாலும் போன் முன்னாலும் குனிந்து கிடக்கிற முதுகுக்கு மிக அவசியமானது இந்த ஒன்றுதான். அதனால்தான் கம்பிக்காக இத்தனை வற்புறுத்துகிறோம். 110 கம்பியைப் பிடித்து, கால்களை முன்னே வைத்து, பின்னால் சாய்ந்து, நெஞ்சைக் கம்பிக்கு இழுக்க வேண்டும். தோள்பட்டை எலும்புகள் பின்னால் ஒன்றையொன்று நெருங்குவது தெரிய வேண்டும். கழுத்தை நீட்டித் தாடையால் கம்பியைத் தொடுவது ஏமாற்று வேலை.

மற்றவை சுருக்கமாக: படி விளிம்பில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குவது, 15 முறை. இரு கையிலும் கேனைத் தூக்கி 40 மீட்டர் நிமிர்ந்து நடப்பது. கம்பிக்கு ஒரு விரற்கடை தள்ளிக் கையை வைத்துக்கொண்டு ஒற்றைக்காலில் ஒவ்வொரு பக்கமும் 30 விநாடி நிற்பது. மொத்தம் இருபத்தைந்து நிமிடம் ஆகும். வாரம் இரண்டு நாள், நடுவில் குறைந்தது ஒரு நாள் இடைவெளி. மறுநாள் தசையில் பிடிப்பு இருக்கும், இரண்டு மூன்று நாளில் போய்விடும். மூட்டுக்குள் குத்துகிற வலி அப்படியில்லை, அதை நிறுத்திப் பார்க்க வேண்டும்.

பலகையில் எச்சரிக்கையும் வேண்டும். சுமையைத் தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது, ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். எழும்போது வாய்விட்டு எண்ணச் சொன்னால் மூச்சு தானாக வெளியே போகும், வேறு உபதேசம் தேவையில்லை. நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, கண் இருட்டல் வந்தால் உடனே நிறுத்தி 108-ஐ அழைக்க வேண்டும். இன்சுலின் போடுபவர்கள், கிளிமிபிரைடு போன்ற, சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் சட்டைப்பையில் குளுக்கோஸோ சர்க்கரையோ வைத்திருக்க வேண்டும். வெறும் வயிற்றில் வந்து கை நடுங்கி வியர்த்தால் அது பயிற்சியின் களைப்பு இல்லை, சர்க்கரை இறங்கியிருக்கிறது.

பூங்கா நேரம் குறித்து ஒரு வேண்டுகோள். பல ஊர்களில் இரவு எட்டு மணிக்குப் பூட்டிவிடுகிறார்கள். நம் வீடுகளில் இரவுச் சாப்பாடு எட்டரைக்கும் ஒன்பதரைக்கும் நடுவில். சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் குறையும். மருந்தில்லாத மிகச் சுலபமான வழி. அந்த நேரத்தில் கேட் பூட்டியிருக்கிறது, தெருவில் நாய்களும் பைக்குகளும். பத்து மணிவரை விளக்கோடு திறந்து வையுங்கள். கழிவறையும் திறந்திருக்கட்டும். கழிவறை இல்லாத பூங்காவுக்கு வருகிற பெண்கள் தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள்.

பூங்கா வாசலுக்கு வருவோம். அரை மணி நேரம் நடந்தால் 60 கிலோ எடையுள்ளவருக்குச் செலவாவது சுமார் 100 முதல் 130 கலோரி. வாசலில் ஒரு மெதுவடையும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீயும் சேர்ந்தாலே அதைத் தாண்டிவிடும். ‘நடந்தும் எடை குறையவில்லை’ என்பவர்கள் நடையைக் குறை சொல்ல வேண்டியதில்லை. சாறு வண்டிகளிலும் கவனம் வேண்டும். வடிகட்டிய சாற்றில் நார்ச்சத்து சக்கையோடு போய்விடுகிறது. சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பொட்டாசியம் மிகுந்த சாறுகள் ஆபத்து. சுரைக்காய்ச் சாறு கசந்தால் ஒரு மிடறுகூட விழுங்கக் கூடாது, அந்தக் கசப்பு விஷம். சாறு விற்பவர் பிழியும் முன் காயை நுனியில் கீறிச் சுவைத்துப் பார்க்க வேண்டும் என்பதை உரிமத்தின் நிபந்தனையாகவே வையுங்கள்.

அதே வாசலில் சுண்டலும் அவித்த முட்டையும் அவித்த நிலக்கடலையும் மோரும் விற்பவர்களுக்கு முதலிடம் கொடுங்கள். காரணம் புரதம். கம்பியில் தொங்கி உழைத்த தசை, கட்டுமானப் பொருள் கிடைத்தால்தான் வளரும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனக் கணக்கில் கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம், அதாவது 60 கிலோ உடம்புக்கு 50 கிராம். முதியவர்களுக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம்வரை தேவை என்பது முதுமை மருத்துவ வல்லுநர்களின் பரிந்துரை. சிறுநீரக நோயாளிகள் மட்டும் மருத்துவரைக் கேட்டுத்தான் கூட்ட வேண்டும். நம் தட்டைப் பாருங்கள்: ஓர் இட்லியில் சுமார் 2 கிராம், 100 கிராம் சோற்றில் இரண்டரை, தண்ணியாக ஓடும் சாம்பார் ஒரு கரண்டியில் அதைவிடவும் குறைவு. மூன்று வேளையும் கூட்டினாலும் ஐம்பதைத் தொடுவது கஷ்டம். ஒரு முட்டை 6, கைப்பிடி நிலக்கடலை 7, ஒரு கிண்ணம் சுண்டல் 8.

அதனால்தான் இன்னொரு கோரிக்கை. அம்மா உணவகங்கள் உங்கள் நிர்வாகத்திலேயே இருக்கின்றன. 2013 முதல் ஒரு ரூபாய் இட்லியும் ஐந்து ரூபாய் சாம்பார் சாதமும் எத்தனையோ உழைப்பாளிகளைப் பசியிலிருந்து காத்திருக்கின்றன. அந்தத் தட்டில் தானியம் நிறைய, பயறு குறைவு. 2000 கலோரி சாப்பாட்டுக்கு ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் சொன்ன அளவு தானியம் 250 கிராம், பருப்பும் பயறும் 85 கிராம், காய்கறி 400 கிராம். ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. ஒரு தட்டுக்கு 40 கிராம் கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ சேர்த்தால் போதும். இரவு ஊறப்போட்டால் காலையில் ஏறக்குறைய இரு மடங்கு கனக்கும். கோடையில் ஊறும் தண்ணீர் புளித்துப் பொங்கும், படுக்கும் முன் ஒருமுறை மாற்றிவிட வேண்டும். குழைய வேகவைக்காமல், விரலால் நசுக்கினால் மசியும் பதத்தில் இறக்கி, தாளிக்கும் எண்ணெயைப் பத்துப் பேருக்கு ஒரு ஸ்பூனுக்குள் வைத்தால், சர்க்கரை உள்ளவரும் பயமில்லாமல் சாப்பிடலாம்.

பணம் எங்கே என்ற கேள்வி வரும். ஒரு ஏர் வாக்கரும் ஒரு ட்விஸ்டரும் வாங்காமல் விட்டால் அந்த இடத்தில் நான்கு கம்பிகளையும் படியையும் நட்டுவிடலாம். மக்கள் ஒரு பங்கு போட்டு அரசு மீதியைப் போடும் நமக்கு நாமே திட்டத்திலும் இதைக் கொண்டுவரலாம். நடைப்பயிற்சிக் குழுக்கள் பங்கு தரத் தயங்க மாட்டார்கள். ஆள்தான் முக்கியம். கம்பியை மட்டும் நட்டால் பையன்கள் தொங்குவார்கள், துணி காயும். முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு காலை உடற்கல்வி படித்த ஒருவர் அங்கே நின்று, முக்கியமாகப் பெண்களுக்கும் முதியவர்களுக்கும், முதல் முறை எப்படிப் பிடிப்பது என்று கைபிடித்துக் காட்ட வேண்டும். பெண் பயிற்றுநராக இருந்தால் கூட்டம் இரண்டு மடங்காகும்.

எல்லாப் பூங்காவிலும் ஒரே நாளில் வேண்டாம். ஒவ்வொரு மன்றமும் ஒரு வார்டில், அதிகக் கூட்டம் வருகிற ஒரு பூங்காவில், வருகிற நிதியாண்டில் செய்து பாருங்கள். தொடங்கும் அன்று வருபவர்களை 43 சென்டிமீட்டர் பெஞ்சில் உட்காரவைத்து 30 விநாடி எண்ணி, நோட்டில் பெயருக்கு நேரே குறித்து வையுங்கள். பன்னிரண்டு வாரம் கழித்து அதே பெஞ்சில் மறுபடி எண்ணுங்கள். நோட்டை மன்றக் கூட்டத்தில் வையுங்கள். அளவெடுக்கவும் பலகை எழுதவும் பயிற்றுநருக்குச் சொல்லிக்கொடுக்கவும் கூப்பிட்டால் வருகிறோம், கட்டணம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
உடற்பயிற்சிப் பயிற்றுநர்களும் உணவியலாளர்களும்